அடுத்த கை

அந்தக் காலத்தில் ரூபாயைக் காதால் சோதித்தார்கள். கல்லில் போட்டால் ‘கிணுங்’ என்று கேட்கவேண்டும். ‘தொட்’டென்று விழுந்தால் கள்ளப்பணம். எடை 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. சர்க்காரே கவிழ்ந்தாலும் கையில் வெள்ளி மிஞ்சும் என்று ஒரு தைரியம்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. ஜனங்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கினார்கள். 1940-ல் ரூபாயில் வெள்ளி பாதியானது. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளி கடன் வேறு வாங்கியிருந்தோம். 1947-ல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் வந்தது, பின்பக்கம் புலியோடு. பழைய பாதிவெள்ளி ரூபாய்களை உருக்கித்தான் அமெரிக்கக் கடனை அடைத்தார்கள்.

மட்டமான காசு புழங்கும், நல்ல காசு பெட்டிக்குள் போய்விடும் என்பது கிரெஷாம் விதி. பி.காமில் ஐந்து மார்க் கேள்வி. ஆனால் ஆம்பூரில் நான் பார்த்தது அந்த விதிக்கும் அடங்காதது.

தோலை விரலால் தடவியே தரம் சொல்லும் ஆட்கள் நிறைந்த ஊர். அங்கே பத்து ரூபாய் நாணயத்தைப் பல கடைகளில் தொடக்கூட மாட்டார்கள். 2009-ல் புழக்கத்துக்கு வந்த இரட்டை உலோகக் காசு. ரூபாய்ச் சின்னம் உள்ளது அசல், இல்லாதது போலி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். 14 டிசைன்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தும் பயம் போகவில்லை.

ஷூ கம்பெனியில் வேலை முடிந்து வந்த ஒரு பெண், பால் பாக்கெட்டுக்கு மூன்று காசுகளை நீட்டினார்.

“இது இங்க ஓடாதும்மா.”

“பஸ்ல மீதி குடுத்தாங்க பாய். வேற இல்ல.”

“செல்லும்னு எனக்கும் தெரியும். நான் வாங்கிட்டா, சரக்குப் போடறவன் எங்கிட்ட வாங்க மாட்டானேம்மா!”

அந்தப் பெண் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைக்காரருக்குச் சட்டம் தெரியும். அவருடைய பயமெல்லாம் அடுத்த கை வாங்குமா என்பதுதான். வெள்ளி போன பிறகு காசுக்குள் இருப்பது அந்த ஒன்றுதானே? அறிவிப்பு ஒட்டினால் அது வராது. மூட்டையாகக் கொண்டுபோனாலும் பாங்க் கவுன்ட்டரில் முகம் சுளிக்காமல் எண்ணி வாங்கவேண்டும். அங்கே வாங்கினால் மொத்த வியாபாரி வாங்குவார். அவர் வாங்கினால் பாயும் வாங்குவார்.

அதுவரை அந்த முப்பது ரூபாய், உழைத்தவர் கையிலேயே கிடக்கும்.