இருட்டில் தாமதிக்கும் கண்

திங்கள்

லென்ஸ் மூடியைக் கழற்றவேயில்லை. ஆனாலும் திரையில் புள்ளிகள் மினுங்கின. ஈவென்ட் கேமரா முழுப் படமாக எதையும் எடுப்பதில்லை. ஒவ்வொரு பிக்சலும், தன்மேல் விழும் ஒளி ஒரு விகிதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ மட்டும் வாய் திறக்கும். எதுவும் மாறாதபோதும் பேசும் பிக்சல்களை இன்று எண்ணினேன். சிப் சூடேறியதும் அவை பெருகின. இனி அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் அளவெடுக்க வேண்டும்.

செவ்வாய்

அறை விளக்கு கூடாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை அது துடிப்பதையும் பிக்சல்கள் விடாமல் சொல்கின்றன. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம்.

புதன்

டேட்டாஷீட்டில் பெரிய எழுத்தில் ‘1 மைக்ரோ நொடி’ என்றிருக்கிறது. அது கேமராவின் கடிகாரம் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கான எண். பிக்சல் எவ்வளவு சீக்கிரம் உணர்கிறது என்பது வேறு கேள்வி. ஒரு எல்இடியைச் சட்டென்று எரியவிட்டு, பிக்சலிடமிருந்து முதல் ஈவென்ட் வரும்வரை ஆன தாமதத்தை அளந்தோம். பிறகு ஒளியைப் பத்தில் ஒரு பங்காக்கும் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக முன்னால் வைத்தோம். வைக்க வைக்கத் தாமதம் நீண்டு, கடைசியில் மில்லி நொடிகளில் போய் நின்றது. பிக்சலுக்குள் ஓடும் மின்னோட்டத்தைத் தருவதே ஒளிதான். குழாயில் சொட்டுச் சொட்டாக வந்தால் குடம் நிறைய நேரமாகத்தானே செய்யும்!

லிக்ஸ்ட்ஸ்டைனர், போஷ், டெல்ப்ரூக் மூவரும் 2008இல் தங்கள் 128×128 சென்சாருக்கு 15 மைக்ரோ நொடி தாமதம் என்று எழுதியபோது, எந்த வெளிச்சத்தில் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

வெள்ளி

சுழலும் வெள்ளைத் தட்டில் ஒரு கரும்புள்ளி. நல்ல வெளிச்சத்தில் விளிம்பு கத்தியால் நறுக்கியதுபோல் இருந்தது. மங்கலில் புள்ளிக்கு வால் முளைத்தது. பிக்சலை வேகப்படுத்த அதன் மின் அமைப்பான பயாஸைக் கூட்டினால் இரைச்சலாகப் பொய்ப் புள்ளிகள் கிளம்புகின்றன. இரைச்சலை அடக்கினால் வால் நீள்கிறது.

“அக்கா, கேமராவ வாங்கப்போற ட்ரோன்காரங்க தாமதத்துக்கு ஒரே ஒரு நம்பர்தான் கேக்கறாங்க” என்றான் தம்பி.

“எத்தனை மணிக்குப் பறக்க விடுறாங்களாம்?”

“பொழுது சாயுற நேரத்துல.”

லக்ஸ் மீட்டரை அவனிடம் கொடுத்து, ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போய் அளந்துவரச் சொன்னேன். தாமத அட்டவணையில் அந்த வெளிச்சத்துக்கான வரிசையைக் காலியாக வைத்திருக்கிறேன்.