முப்பத்தெட்டு வீதம்

உடுவிலின் செம்மண் தோட்டங்களிலே ஒருவர் துலா மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடித்து நீரிறைத்த காலம், இறைக்கும் பொறிகளின் வரவோடு மறைந்தது. அத்தொழிலுக்குரிய சொற்களும் அதனைத் தொடர்ந்து மறைந்து வருகின்றன. அவற்றைத் திரட்டும் பணியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஈடுபட்டிருந்தார். முதியோர் கூறுவதை அவர்கள் முன்னிலையிலேயே தட்டெழுதுவது அவர் வழக்கம். அதற்கு அவருக்கு வாய்த்தது பத்தாண்டு கடந்த மடிக்கணினி.

2022 மார்ச் இறுதியில் நாட்டின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அத்தகைய ஒரு மாலையில், இளமையெல்லாம் துலா மிதித்த முதியவர் ஒருவர் நெடுநேரம் பேசினார். திரையிலே 38 வீத மின் எஞ்சியிருப்பதாகக் காட்டிய கணத்தில் கணினி அணைந்தது. சேமிக்கப்படாத பக்கமும் அதனோடு போயிற்று. "நாளையிண்டைக்கு வாங்கோ மாஸ்டர், ஆறுதலாச் சொல்லுறன்" என்றார் முதியவர். அந்த நாள் வருமுன்னரே அவர் காலமானார்.

பழுதுபார்ப்போரில் ஒருவர் தாய்ப்பலகை கெட்டதென்றார். மற்றொருவர் வைரசு என்றார். இருவரும் எதனையும் அளந்து பார்க்கவில்லை. ஆசிரியருக்கோ வேறொரு பயிற்சி இருந்தது. 1990இல் மின்சாரம் நின்றபின், குடாநாட்டார் துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். வானொலி ஊமையானால், பழுது தைனமோவிலா, கம்பியிலா, வானொலியிலா எனப் பிரித்துப் பார்ப்பது அன்று சிறுவரும் அறிந்த முறை. மடிக்கணினியை இயக்கும் இலிதியம் அயன் மின்கலத்தைச் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991இல், அவ்விருளின் நடுவேதான் என்பது வேடிக்கை.

அம்முறைப்படியே ஆசிரியர் மின்கலத்தொகுதியைக் கழற்றிவிட்டு, சுவர் மின்சாரத்தில் மட்டும் கணினியை இயக்கினார். இரண்டு மணி நேரம் ஓடிற்று, தாய்ப்பலகை குற்றமற்றது. ஆயின் மின்னேற்றியின் கம்பி அசைந்ததும் திரை இருண்டது. மானியை வைத்துப் பார்த்தபோது 19 வோல்ற்று காட்டிய முள், கம்பியின் கழுத்தை வளைத்தவுடன் பூச்சியத்துக்கு வீழ்ந்தது. உள்ளே கம்பி முறிந்திருந்தது. இரவிலே மின் வந்தபோதும் கணினி பல நாள் பட்டினி கிடந்திருக்கிறது.

மின்னேற்றியை மாற்றியும் 38இல் அணைவது நிற்கவில்லை. ஒரு பழுதின் பின்னால் மற்றொன்று மறைந்திருந்தது. கணினியே தரும் மின்கல அறிக்கையைப் பார்த்தார். புதிதில் 48,000 மில்லிவாற்று மணி கொண்ட தொகுதி, முழுதாக ஏறினாலும் 17,000 மட்டுமே கொண்டது. திரை காட்டிய வீதம் அந்தச் சிறிய அளவின் வீதம். அதுவும் கணிப்பேயன்றி நேரே அளந்ததன்று. மேலும், மூப்படைந்த கலத்தின் அகத்தடை கூடுகிறது. ஓய்விலே 3.7 வோல்ற்று காட்டும் கலம், கணினி திடீரென மிகுந்த மின்னோட்டத்தைக் கேட்கும்போது 3 வோல்ற்றுக்குக் கீழே சரியும். படுத்திருக்கையில் நலமாய்த் தோன்றும் நோயாளி எழுந்தவுடன் மயங்குவதில்லையா? தொடராக இணைந்த கலங்களில் மிக நலிந்தது சரிந்தாலே போதும், காவற்சுற்று முழுத் தொகுதியையும் துண்டித்துவிடும்.

புதிய தொகுதி வாங்கலாமென்றால், மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியிருந்தது; ஓய்வூதியம் இடந்தரவில்லை. ஆகவே 50 வீதத்திலேயே அனைத்தையும் சேமித்து உறங்குநிலைக்குச் செல்லுமாறு கணினியைப் பணித்தார். திரையொளியைக் குறைத்தார். ஆவணம் ஒவ்வொரு நிமிடமும் தானே சேமிக்கப்படுமாறு செய்தார். அதன்பின் ஒரு வரியும் தொலையவில்லை.

தொலைந்த பக்கத்தை நினைவிலிருந்து மீட்க முயன்றார், பாதி மீண்டது. முதியவரின் மகனிடம் கேட்டார். "அப்பு சொல்லுறவர், நான் காது குடுக்கேல்லை மாஸ்டர்" என்றார் அவர். சொற்றொகுதியிலே 'பட்டை' என்ற தலைப்பின்கீழ் நான்கு வரிகள் இன்றும் வெறுமையாகவே உள்ளன.