பாரத்தை ஆராய்ந்து பாருங்கள்



இங்கிலாந்தில் வாழும் நண்பர் ஒருவரிடம், அவருடைய தந்தையார் விட்டுச்சென்ற எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. 1962 முதல் 1980 வரை அபிங்டனில் தயாரான வகை அது. தந்தையார் அதில் ரோவரின் 3.5 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி, அதன் வலிமைக்கேற்பக் கடினமான கிளட்சையும் அமைத்திருந்தார். பெடலை மிதிக்கும்போதெல்லாம் நண்பரின் இடது முழங்கால் வலித்தது. "விற்றுவிடட்டுமா?" என்று என்னிடம் கேட்டார்.

முதலில் காரணத்தைத் தேடினோம். பெடல் அச்சு உயவின்றி இறுகிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து கிரீஸ் இட்டதும் பாரம் சற்றுத் தணிந்தது.

பின்னர், முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டரை நீக்கி, 5/8 அங்குல அளவினதைப் பொருத்தினோம். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கலின் விதி. பிஸ்டனின் பரப்பு குறைந்ததால், மிதிக்கும் விசையும் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

ஆனால், கவனியுங்கள்: விசை குறைந்ததேயன்றி வேலை குறையவில்லை. அதே அளவு திரவத்தைத் தள்ளப் பெடல் ஏறத்தாழ 44 சதவீதம் கூடுதலான தூரம் செல்ல வேண்டும். கிளட்ச் முழுவதும் விலகாவிட்டால் கியர் பற்கள் உரசித் தேயும். ஆகவே, பெடலுக்குத் தடையாயிருந்த தரைவிரிப்பை அகற்றி, கிளட்ச் முற்றிலும் விலகுவதை உறுதிசெய்த பின்னரே சாலைக்குச் சென்றோம்.

நீங்களும் ஒரு பாரத்தைக் கைவிட எண்ணுகிறீர்களா? அதில் எவ்வளவு வெறும் துரு என்று முதலில் பாருங்கள். எஞ்சியதைச் சுமக்கச் சற்று நீண்ட தூரத்தை மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

நண்பர் அந்தக் காரை விற்கவில்லை.