கேட்க வெட்கப்பட்ட ஒரு கேள்வி



கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் எங்கள் ஊர். மணமாகி முப்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டோம். இந்த வயதில் இதை எழுத வேண்டுமா என்று பல நாள் தயங்கினோம். எழுதாவிட்டால் எங்களைப் போலவே வேறொரு வீட்டிலும் இருவர் வாய்மூடித் துன்புறுவார்களே என்ற எண்ணமே எங்களை எழுத வைத்தது.

எங்களில் கணவருக்கு இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருந்தது. இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருந்ததால், புராஸ்டேட் சுரப்பியில் பயாப்சி எடுத்தார்கள். ஊசியால் எடுத்த பன்னிரண்டு திசுத் துணுக்குகளில் இரண்டில் புற்றுநோய் தெரிந்தது. ஆயினும் அது மெதுவாக வளரும் வகை. கிளீசன் மதிப்பெண் 6. "இப்போது அறுவையும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, ஓராண்டு கழித்து மீண்டும் பயாப்சி. கண்காணித்து வருவோம்" என்றார் மருத்துவர். அல்ஹம்துலில்லாஹ் என்று கூறி வீடு திரும்பினோம்.

அறுவை இல்லையென்றால் இல்லற வாழ்வுக்கும் பாதிப்பு இல்லை என்றே நாங்கள் எண்ணினோம். கண்காணிப்பிலும் சில பக்கவிளைவுகள் உண்டு என்பதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பயாப்சி முடிந்து இரண்டு வாரங்களுக்குப் பின், விந்து துருப்பிடித்த நிறத்தில் வெளிப்பட்டதைக் கணவர் கண்டார். நோய் முற்றிவிட்டது, அது மனைவிக்கும் தொற்றிவிடும் என்று அஞ்சினார். அத்துடன் உடலில் முன்பிருந்த உறுதியும் குறைந்தது. இரண்டையும் மனைவியிடம் சொல்லவில்லை. இரவில் அடிக்கடி எழுவதால் உன் தூக்கம் கெடுகிறது என்று காரணம் கூறிப் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். தன்மீது ஏதோ வெறுப்பு வந்துவிட்டது என்று மனைவி எண்ணினார். அவரும் கேட்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே தஸ்தர்கானில் உண்டு, ஐந்து மாதங்கள் இப்படியே கழிந்தன.

ஓராண்டு நிறைவில் மீண்டும் பயாப்சிக்குச் செல்லும் நாள் வந்தது. "நான் வரவில்லை. அல்லாஹ் விட்ட வழி" என்றார் கணவர். அதைக் கேட்டபோதுதான் எங்களில் மனைவிக்கு உண்மையான அச்சம் பிறந்தது. அன்று இஷாவுக்குப் பின் கதவைச் சாத்திவிட்டு, "என்னங்க, என்னிடம் சொல்ல முடியாதது என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நெடுநேரம் கழித்தே பதில் வந்தது.

மறுநாள் மனைவி, வேலூரில் செவிலியராகப் பணியாற்றும் தம் தங்கை மகளிடம் தொலைபேசியில் கேட்டார். "பெரியம்மா, பயாப்சி செய்தவர்கள் பலருக்கும் இப்படி வரும். பெரியத்தாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இருவரும் சேர்ந்தே டாக்டரைப் பாருங்கள்" என்றாள் அந்தப் பிள்ளை. ஐந்து மாத இருளை நீக்க அந்த ஒரு நிமிடப் பேச்சு போதுமானதாக இருந்தது.

அலீ (ரலி) அவர்களின் செய்தி எங்கள் நினைவுக்கு வந்தது. மதீ எனும் கசிவு அவர்களுக்கு அடிக்கடி வெளிப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் மகளை மணந்திருந்ததால் அதைப்பற்றி நேரில் கேட்க வெட்கப்பட்டார்கள்; ஆனால் கேட்காமல் விட்டுவிடவில்லை. மிக்தாத் (ரலி) அவர்களைக் கேட்கச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இச்செய்தி உள்ளது. வெட்கம் ஈமானின் ஒரு கிளை; ஆனால் அவர்களுடைய வெட்கம் அறிவு தேடுவதைத் தடுக்கவில்லை. எங்கள் வெட்கமோ மருத்துவத்தையே தடுக்கப் பார்த்தது.

பின்னர் இருவரும் சேர்ந்து மருத்துவரைச் சந்தித்தோம். அங்கு அறிந்தவற்றை உங்களுக்காகத் தருகிறோம்.

விந்தில் இரத்தம் கலப்பது, ஊசி பட்ட இடத்தின் காயத்தால் வருவது. சில வாரங்களோ, சிலருக்கு இரண்டு மூன்று மாதங்களோ நீடித்துத் தானே மறையும். புற்றுநோய் இல்லற உறவால் மனைவிக்குத் தொற்றாது. எழுச்சிக்கான நரம்புகள் புராஸ்டேட்டை ஒட்டியே செல்வதால் பயாப்சிக்குப் பின் தளர்ச்சி வரலாம். மன அச்சமும் அதைக் கூட்டும். பெரும்பாலோருக்கு இது தற்காலிகமே. நீடித்தால் சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கடையில் தாமே மாத்திரை வாங்கி உண்ணக் கூடாது. இதய நோய்க்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்களுக்கு அது உயிராபத்து. பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் உறவைத் தவிர்ப்பது நல்லது. இல்லையேல் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டி வீண் கவலை தரும். பயாப்சிக்குப் பின் குளிர்க்காய்ச்சல் வந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குளிப்பு, உளூ பற்றி எங்கள் இமாமிடம் கேட்டோம். விந்தின் நிறம் மாறியிருந்தாலும் குளிப்புக் கடமையின் சட்டம் வழக்கம்போலவே என்றும், சிறுநீரில் இரத்தம் வந்தால் கழுவி உளூச் செய்தால் போதும் என்றும் அமைதியாக விளக்கினார்.

கண்காணிப்பை ஏன் கைவிடக் கூடாது என்பதற்கு மருத்துவர் ஓர் ஆய்வைக் காட்டினார். பிரிட்டனில் நடந்த 'புரொடெக்ட்' ஆய்வில் 1,643 ஆண்கள் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 2023-இல் வெளியான பதினைந்தாண்டு முடிவின்படி, இந்நோயால் இறந்தவர்கள் முறையே 3.1, 2.2, 2.9 விழுக்காட்டினர். பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நோய் உடலின் பிற இடங்களுக்குப் பரவியது கண்காணிப்புக் குழுவில் 9.4 விழுக்காடு, மற்ற இரு குழுக்களில் ஏறத்தாழ 5. கண்காணிப்பு என்பது சும்மா இருப்பதன்று; உரிய நாளில் சென்று பார்ப்பதே அதன் உயிர்.

அதே ஆய்வு இல்லற நிலையையும் கேட்டறிந்தது. தொடக்கத்தில் உறவுக்குப் போதிய உறுதி இருந்தவர்கள் 67 விழுக்காடு. ஆறு மாதங்களுக்குப் பின் அறுவைக் குழுவில் அது 12 ஆகவும், கதிர்வீச்சில் 22 ஆகவும், கண்காணிப்பில் 52 ஆகவும் இருந்தது. கண்காணிப்பு பெருமளவு காக்கிறது, முழுமையாகக் காப்பதில்லை. இதை முன்பே அறிந்திருந்தால் அந்த ஐந்து மாதங்களை நாங்கள் இழந்திருக்க மாட்டோம்.

எம்.ஆர்.ஐ. எடுத்தபின் இரண்டாம் பயாப்சி நடந்தது. நோய் வளரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பழைய உறுதி முழுவதும் திரும்பிவிட்டதாகச் சொல்ல மாட்டோம். ஆனால் படுக்கை முன்னறையிலிருந்து திரும்பிவிட்டது. கணவன் மனைவியரை ஒருவருக்கொருவர் ஆடை என அல்குர்ஆன் (2:187) உவமிப்பதன் பொருளை இந்த வயதில்தான் நன்கு உணர்ந்தோம். நோயுற்ற உடலை ஊராரிடமிருந்து மறைக்கலாம். ஆடையிடமிருந்து மறைக்க முடியுமா?

சகோதரர்களே, பரிசோதனைக்குச் செல்லும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். சகோதரிகளே, கணவர் விலகிப் படுத்தால் வெறுப்பென்று முடிவு கட்டாதீர்கள். அன்போடு ஒருமுறை கேளுங்கள். நோயாளிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.