கல்யாணத்துக்குப் பிறகு வரும் கணக்கு

சமையலறையில் கார்த் அம்மாள் மாவு தேய்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த நேரம் பார்த்து பிரெட் வின்சி வந்து நிற்கிறான். வசதியான வீட்டுப் பிள்ளை. 160 பவுண்டு கடன்பட்டிருக்கிறான். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டுக்காரர் கேலப் கார்த். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டுக்கொடுத்த கையெழுத்து. பிரெட்டிடம் மிச்சமிருப்பது 50 பவுண்டுதான். மீதி 110-க்கு எங்கே போவது? மகன் ஆல்பிரடைத் தொழில் பழகச் சேர்ப்பதற்காக, நான்கு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்துக் கார்த் அம்மாள் சேர்த்த 92 பவுண்டு போகிறது. குறைகிற 18-ஐ, இன்னொரு வீட்டில் வேலைபார்க்கும் மகள் மேரி தன் சேமிப்பிலிருந்து தரவேண்டியிருக்கிறது. அந்த மேரியைத்தான் பிரெட் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான்.

யாரும் சத்தம் போடுவதில்லை. எந்தப் பணத்தை எடுக்கலாம் என்று அந்த அம்மாள் நிதானமாக யோசிக்கிறாள், அவ்வளவுதான். அதுவரை தன் மானம் போகிறதே என்று மட்டும் வருந்திக்கொண்டிருந்தவனுக்கு, தன் கடன் இன்னொரு வீட்டுப் பையனின் படிப்பைத் தின்றுவிட்டது அப்போதுதான் உறைக்கிறது. ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலில் பேர்பெற்ற கட்டங்கள் பல உண்டு. ஆனால் அந்த நாவலின் உயிர்நாடி இந்தச் சமையலறையில் இருக்கிறது. குடும்பம் என்பது பாசம் மட்டுமல்ல, ஒருவர் போட்ட கையெழுத்துக்கு இன்னொருவர் கொடுக்கும் விலையும்தான் என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதிய நாவல்கள் குறைவு.

1871 டிசம்பரில் தொடங்கி ஒரு வருஷத்தில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது இந்த நாவல். கதை நடப்பது அதற்கு நாற்பது வருஷம் முன்பு, 1832-இன் தேர்தல் சீர்திருத்தச் சட்டத்துக்குச் சற்று முன்னால். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பட்டு ரிப்பனும் வங்கியும் வம்பும் புழங்கும் ஓர் ஊர். எலியட் பள்ளியில் படித்ததும் இளம் வயதில் வாழ்ந்ததும் கோவென்ட்ரி நகரில். அந்த ஊரின் சாயல் மிடில்மார்ச்சில் இருக்கிறது. நிலங்களை நிர்வகித்த அவர் அப்பா ராபர்ட் எவன்ஸின் சாயல் கேலப் கார்த்திடம் இருக்கிறது.

டொரோதியாவின் கல்யாணத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. பெரிய காரியம் எதிலாவது தன்னைக் கொடுத்துவிடத் துடிக்கும் பெண், முடிவே இல்லாத ஆராய்ச்சியில் புதைந்த கசாபன் பாதிரியாரைக் கட்டிக்கொள்கிறாள். அவர் இறந்த பிறகு உயிலைப் பிரித்தால், பிற்சேர்க்கையாக ஒரு நிபந்தனை: அவருடைய இளம் உறவினர் லாடிஸ்லாவை அவள் மணந்தால் சொத்து கிடையாது. செத்தவர் கை உயிரோடிருப்பவள் வாழ்க்கையில் நீள்கிறது. அவள் துணிகிறாள். ஆனால் அந்தத் துணிச்சலுக்கு அடியில் அவளுக்கென்று வருஷம் 700 பவுண்டு சொந்த வருமானம் இருப்பதை எலியட் மறைப்பதில்லை.

அதைவிட வலிக்கிற கல்யாணம் டாக்டர் லிட்கேட்டுடையது. மருத்துவத்தில் புதிதாக ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும் என்ற கனவோடு வந்தவர், ஊரிலேயே அழகியான ரோசமண்டை மணக்கிறார். நல்ல வீடு, நல்ல தட்டுமுட்டு, எல்லாம் கடனில். நெருக்கடி முற்றியதும் வீட்டை வேறொருவருக்கு விட்டுவிடலாம் என்று அவர் ஏற்பாடு செய்கிறார். அவருக்குத் தெரியாமல் ரோசமண்ட் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிடுகிறாள். அவருடைய பணக்காரப் பெரியப்பாவுக்கும் ரகசியமாகக் கடிதம் எழுதுகிறாள். பதில் லிட்கேட்டின் முகத்தில் அறைவது போல வருகிறது. அவள் கத்துவதில்லை, எதிர்த்து வாதாடுவதில்லை. தான் நினைத்ததைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கிறாள். சண்டை போட்டாலாவது சமாதானம் ஆக வழி இருக்கும். அந்தச் சாந்தத்தோடு எப்படிச் சமாதானமாவது?

இருந்தும் எலியட் அவளைக் கொடுமைக்காரி ஆக்கவில்லை. அவள் படித்த பள்ளியில் வண்டியில் ஏறி இறங்குவதுகூட ஒரு பாடம். வரவு செலவு என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. மனைவியின் பணமும் சம்பாத்தியமும் கணவனுக்கே சொந்தம் என்று சட்டம் சொன்ன காலம் அது. தான் சம்பாதித்ததை மனைவியே வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் 1870-இல்தான் வந்தது, எலியட் இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது. சொத்து முழுவதற்கும் அந்த உரிமை 1882 சட்டத்தால் கிடைத்தது. கணக்கிலிருந்தே விலக்கி வளர்க்கப்பட்ட பெண்ணிடம் கணக்கை எதிர்பார்த்த லிட்கேட்டின் மேலும் குற்றம் இருக்கிறது. அவர் பிற்பாடு பணக்கார நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து, கீல்வாதத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி, 50 வயதில் இறந்துபோகிறார்.

இன்னொரு மனைவியும் இந்தக் கதையில் உண்டு. வங்கிக்காரர் புல்ஸ்ட்ரோட்டின் பழைய மோசடி ஊருக்கே தெரிந்துவிட்டது, மனைவி ஹாரியட்டுக்கு மட்டும் தெரியாது. ஊர்ப் பெண்களின் முகங்களில் எதையோ படித்து, கடைசியில் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அழுகிறாள். பிறகு நகைகளைக் கழற்றிவிட்டு, சாதாரணக் கறுப்பு உடையும் எளிய தொப்பியும் அணிந்து, கீழே இறங்கிக் கணவர் அருகில் போய் உட்காருகிறாள். ‘நீங்கள் செய்தீர்களா’ என்று அவள் கேட்கவில்லை, அவரும் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. பகட்டில் பிரியமுள்ள, கொஞ்சம் மேலோட்டமான பெண்ணாகவே அதுவரை காட்டப்பட்டவள் அவள்.

இதையெல்லாம் எழுதியவரைச் சொந்தக் குடும்பமே ஒதுக்கி வைத்திருந்தது. மேரி ஆன் எவன்ஸ் என்ற இயற்பெயருடைய எலியட், 1854 முதல் ஜார்ஜ் ஹென்றி லூயிசோடு வாழ்ந்தார். லூயிஸ் ஏற்கெனவே மணமானவர். சட்டப்படி விவாகரத்துப் பெற வழியில்லாதவர். 1857-இல் விஷயம் தெரிந்ததும் அண்ணன் ஐசக் உறவை முறித்தார். தங்கை உலகப் புகழ் பெற்றார், அண்ணன் தங்கை பாசத்தை வைத்தே ‘தி மில் ஆன் தி பிளாஸ்’ எழுதினார். அண்ணனிடமிருந்து ஒரு வரி வரவில்லை. லூயிஸ் இறந்த பிறகு, 1880 மே மாதம், தம்மைவிட இருபது வயது இளையவரான ஜான் கிராஸை அவர் முறைப்படி மணந்தார். உடனே ஐசக்கின் வாழ்த்துக் கடிதம் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் உண்மையாக நடந்த இல்லறத்துக்குக் கிடைக்காத மரியாதை, ஒரு பதிவுக்குக் கிடைத்தது. அதே வருஷம் டிசம்பரில் எலியட் காலமானார்.

ஊர்ப்புறக் குடும்பக் கதை என்றால் அந்தோணி ட்ரோலோப்பின் பார்செட்ஷயர் நாவல்கள் ஆறும் உண்டு. பாதிரியார் வீடுகளின் பதவிப் போட்டிக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எலியட்டின் பக்கத்தில் வைக்கத்தக்கது எலிசபெத் கேஸ்கெல்லின் ‘வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்’. மனைவியை இழந்த ஊர் டாக்டர், மகள் மோலிக்கு ஒரு துணை வேண்டும் என்று மறுமணம் செய்துகொள்கிறார். வந்தவள் அடிப்பதில்லை, பட்டினி போடுவதில்லை. சின்னச் சின்னப் பொய்களாலும் ஓயாத பேச்சாலும் வீட்டையே தன் வசமாக்கிக்கொள்கிறாள். ‘கார்ன்ஹில்’ இதழில் தொடராக வந்துகொண்டிருந்தபோது, 1865 நவம்பரில் கேஸ்கெல் திடீரென இறந்தார். மோலியும் அவள் விரும்பும் ரோஜரும் மணந்துகொள்வார்கள் என்று இதழாசிரியர் பிரெடரிக் கிரீன்வுட் ஒரு குறிப்பு எழுதி முடித்துவைத்தார். அறுபது அத்தியாயம் அந்தச் சிற்றன்னையோடு ஒரே வீட்டில் இருந்து வந்த வாசகருக்கு, எழுதப்படாமல் போன அந்தக் கல்யாணம் ஒரு குறையாகவே தெரிவதில்லை.