வேலைக்கு ஏற்ற உடை
(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, வேதியியல்)

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது பழமொழி. ஆண்களைப் பொறுத்தவரை பேச்சு இதோடு முடிந்துவிடுகிறது. ஒரு கால்சட்டை, ஒரு மேல்சட்டை, அதில் ஒரு பை, புறப்பட்டாயிற்று! பெண்களாகிய நமக்கோ இங்கேதான் பேச்சே தொடங்குகிறது. கண்ணியமாக இருக்க வேண்டும், பகட்டு கூடாது. எளிமையாக இருக்க வேண்டும், ஏழ்மை தெரியக்கூடாது. இத்தனை நிபந்தனை விதிப்பவர்களும் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. அந்த உடையில் எட்டு மணி நேரம் வேலை செய்ய முடியுமா?

தோழியரே! இன்னும் ஓராண்டில் பட்டம் பெற்று வெளியேறப் போகிறோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அலுவலகத்துக்கு எதை உடுத்திச் செல்வது என்று சொல்லித்தர, எங்கள் வீட்டில் எவரும் அலுவலகம் போனதில்லை. ஆனால், வேலைக்கு எதை உடுத்துவது என்று நன்கறிந்தவர் ஒருவர் உண்டு. அவர் என் தாயார்.

நெடுங்காட்டுப் பக்கம் நடவுக்கும் களையெடுக்கவும் போகும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேலையைத் தூக்கிச் செருகி, அதன்மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். பேருந்தில் போகிறவர்களுக்கு அது வேடிக்கை. அருகில் இருந்து பார்த்தால் அதிலுள்ள அறிவு புரியும். நெல்தாளின் ஓரம் கையை அறுக்காமல் முழுக்கை காக்கிறது. குனிந்த முதுகில் வெயில் நேராக இறங்குவதில்லை. எத்தனை முறை குனிந்து நிமிர்ந்தாலும் மாராப்பு விலகுமோ என்ற கவலை இல்லை. கூலிப்பணமும் வெற்றிலைச் சுருளும் வைக்க ஒரு பையும் இருக்கிறது! இது எந்த அதிகாரியும் வகுத்த சீருடையன்று. வேலையே வகுத்த சீருடை.

"அது வயற்காட்டுக்குச் சரி, அலுவலகத்தில் மரபு என்று ஒன்று உண்டே" என்று சிலர் சொல்லக்கூடும். மரபும் மாறி வந்ததுதான். நம் பாட்டிமார் பலர் பின்கொசுவம் வைத்துக் கட்டியவர்கள். முன்னால் கொசுவம், இடத்தோளில் முந்தானை, உள்ளே ரவிக்கையும் பாவாடையும் என்று இன்று நாம் காணும் கட்டு நாடெங்கும் பரவியதில் வங்காளத்து ஞானதானந்தினி தேவிக்குப் பெரும் பங்குண்டு. முதல் இந்திய ஐ.சி.எஸ். அதிகாரியான சத்யேந்திரநாத் தாகூரின் மனைவி அவர். 1860களில் கணவரோடு பம்பாய் சென்றவர், வீட்டுக்குள் உடுத்தும் சேலைக்கட்டு வெளியே நடமாட உதவாது என்று கண்டார்; பார்சிப் பெண்கள் உடுத்தும் முறையைப் பார்த்துத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டார். படி தாண்டுவதற்காக உருவான கட்டு நாளடைவில் "மரபு" ஆயிற்று!

நம் தெற்குக் கோடியிலோ, உடுத்தும் உரிமையே போராடிப் பெற்றதாகும். அந்நாளைய திருவிதாங்கூரின் தென்பகுதியில், மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் குலப் பெண்கள் பல்லாண்டு அடியும் அவமானமும் தாங்கினர். 1859இல்தான் மேலாடை அணிய அரசு இசைந்தது. அந்தத் தோள்சீலைப் போராட்டத்தை எண்ணும்போது, உடையைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

இன்றைய விதிகளும் இளகி வருகின்றன. தமிழ்நாட்டுத் தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கு 2019இல் வந்த ஆணை, சேலையோடு சல்வார் கமீஸையும் துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரையும் ஏற்றது. ஆசிரியைகள் சேலைதான் உடுத்த வேண்டும் என்று கல்வி நிலையங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது எனக் கேரள உயர்கல்வித் துறை 2021 நவம்பரில் ஆணையிட்டது. ஆகவே, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இனி நம்முடையது.

எதைத் தேர்ந்தெடுப்பது? இங்கே நாம் படிக்கும் வேதியியல் கைகொடுக்கிறது. பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் நீண்ட சங்கிலியில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை ஈர்ப்பவை. அதனால் சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது; பாலியெஸ்டர் அரை விழுக்காடு கூடப் பிடிப்பதில்லை. காரைக்காலின் கடற்காற்றில் வியர்வை எளிதில் உலராது என்பது நமக்குத் தெரிந்ததே. சித்திரை, வைகாசியில் பருத்தியே துணை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ துவைத்த பருத்தி இரண்டு நாளானாலும் காயாது; அப்போது பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி கைகொடுக்கும்.

பருத்தி கசங்கும் என்பது உண்மை. அதற்கு மருந்து நம் அடுப்படியில் இருக்கிறது. சோறு வடித்த கஞ்சியில் உள்ள ஸ்டார்ச்சும் செல்லுலோஸைப் போலவே குளுக்கோஸ் அலகுகளால் ஆனது. அது இழைகளின்மேல் படலமாக ஒட்டி விறைப்புத் தருகிறது. கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி, இலேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால், விலை குறைந்த கைத்தறிச் சேலையும் மிடுக்காக நிற்கும். இஸ்திரிப் பெட்டி இல்லாத வீட்டில் ஒழுங்காக மடித்து, இரவு பாய்க்கடியில் வைத்தாலும் போதும்.

அளவான வருவாயில் தொடங்குவோருக்கு, இரண்டு பருத்திச் சேலையும் மூன்று சுடிதாரும் ஒரு வாரத்துக்குப் போதும் என்பது என் கணக்கு. வெவ்வேறு மேலாடைகளுக்கும் பொருந்தும்படி ஒரே நிறத்தில் இரண்டு கால்சட்டைகள் தைத்துக்கொண்டால் செலவு இன்னும் குறையும். விலையைவிட அளவு முக்கியம். கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுதும்போது ரவிக்கை அக்குளில் பிடிக்கிறதா என்று தையற்கடையிலேயே பார்த்துவிட வேண்டும். பாவாடைக்குப் பட்டையான நாடா போட்டு, இறுக்காமல் கட்ட வேண்டும்; மெல்லிய கயிறு இடுப்பை அறுத்துப் புண்ணாக்கும். குதிகால் உயர்ந்த செருப்பைவிடப் பின்வார் வைத்த தட்டைச் செருப்பே பேருந்துக்கு ஓடி ஏற உதவும். ஆய்வகத்தில் வேலை என்றால் துப்பட்டாவைத் தவிர்க்கலாம். அல்லது பின் குத்தி, வெள்ளை மேலங்கிக்குள் அடக்கலாம். நெருப்பில் பருத்தியும் பற்றும். செயற்கை இழையோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

நேர்முகத் தேர்வு என்றதும் பட்டுச் சேலையை இரவல் வாங்க ஓடுவோர் நம்மிடையே உண்டு. நம் வீட்டு வறுமை நம் உடையில் தெரிந்துவிடுமோ என்ற அச்சமே காரணம். அந்த அச்சம் எனக்கும் புதிதன்று. ஆனால், "இரவல் சேலையை நம்பி இடுப்புச் சேலையை எறியாதே" என்றார்கள் பெரியவர்கள். பழக்கமில்லாத பட்டில், முந்தானையைச் சரிசெய்வதிலேயே கை இருக்கும். கேட்ட கேள்வி காதில் விழாது. துவைத்து, கஞ்சி போட்டு, அளவாகத் தைத்து, நாம் பலமுறை உடுத்திப் பழகிய உடையில் உட்கார்ந்தால் மனம் கேள்வியில் நிற்கும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். பாடத்தோடு, நேர்முகத் தேர்வுக்கு எப்படிச் செல்வது என்பதையும் ஒருநாள் எங்களுக்குச் சொல்லுங்கள். வீட்டில் கேட்க ஆளில்லாதவர்கள் வகுப்பில் பலர் இருக்கிறோம்.

தோழியரே, அடுத்த முறை தையற்காரரிடம் போகும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணே, இதிலே ஒரு பை வையுங்கள்." நம் சம்பளம் நம் பையில் இருக்கட்டும்!