உறிஞ்சி எடுத்த சுரம்

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட இரவு. எங்கள் தெருவில் மூன்று மரங்கள் சாய்ந்து கிடந்தன. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கைப்பேசியில் முப்பத்தெட்டு சதவீதம் சார்ஜ் இருந்தது. ஆத்திர அவசரத்துக்கு வேணும், அணைச்சு வைங்க என்று மனைவி இரண்டு தடவை சொல்லிவிட்டாள். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து நாளுக்கு முன் வெளியான ரோலிங் ஸ்டோன்ஸ் ஆல்பம், ‘ப்ளூ அண்ட் லோன்சம்’. மூன்றாவது பாட்டில் மிக் ஜாகரின் மவுத் ஆர்கன் விம்ம ஆரம்பித்ததும் அண்ணன் வந்துவிட்டான்.

பெரியப்பா மகன். என்னைவிட எட்டு வயது மூத்தவன். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர்கள் வீடும் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது தூக்கிப் போக முடியாததையெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்தார்கள். பெரியம்மாவுக்கு ஒரு மாவு சலிக்கும் சல்லடை, அண்ணனுக்கு ஓர் இசைத்தட்டு. 1964இல் வந்த ஸ்டோன்ஸின் முதல் தட்டு அது. முன்னட்டையில் பாட்டின் பேரும் கிடையாது, குழுவின் பேரும் கிடையாது. இருட்டிலிருந்து ஐந்து இளைஞர்கள் நம்மைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

அந்தத் தட்டில் இருந்த பன்னிரண்டு பாட்டில் மிக்கும் கீத் ரிச்சர்ட்ஸும் தங்கள் பேரில் எழுதியது ஒன்றே ஒன்று. மற்றவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகள். இது எங்களுக்குப் பல வருஷம் தெரியாது. எல்லாம் இவர்களே எழுதியது என்றுதான் நினைத்திருந்தோம். பின்னட்டையில் அடைப்புக்குறிக்குள் இருந்த பேர்களை ஒருநாள் அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “டேய், இது பூரா வேற ஆளுங்களோடதுடா” என்றான். குரலில் ஏமாற்றமில்லை. ஒரு வீட்டின் பின்கட்டுக் கதவைத் திறந்து, அங்கே இன்னொரு தெருவைப் பார்த்துவிட்டவனின் குரல் அது.

அந்தத் தெரு சிகாகோவில் இருந்தது. தெற்கு மிச்சிகன் அவென்யூ, 2120ஆம் எண். செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனியின் கட்டடம். மடி வாட்டர்ஸ், ஹௌலின் உல்ஃப், லிட்டில் வால்டர் எல்லோரும் செஸ்ஸுக்காகப் பாடியவர்கள். 1961 அக்டோபரில் லண்டனுக்கு வெளியே டார்ட்ஃபர்ட் ரயில் நிலையத்தில், பள்ளிக்கூடத்துப் பழக்கம் விட்டுப்போயிருந்த இரண்டு பையன்கள் தற்செயலாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவன் கக்கத்தில் சக் பெர்ரி தட்டும் மடி வாட்டர்ஸ் தட்டும். அந்த ஊரில் சுலபமாகக் கிடைக்காத அவற்றைச் சிகாகோவுக்கே கடிதம் போட்டு வரவழைத்திருந்தான் மிக். கீத்துக்குக் கண் அந்தத் தட்டுகள் மேல். குழு அங்கிருந்துதான் பிறந்தது. அதன் பெயரே மடி வாட்டர்ஸின் ஒரு பாட்டிலிருந்து எடுத்தது. 1964 ஜூனில் அமெரிக்கா போனதும் அந்த 2120ஆம் எண் கட்டடத்துக்குப் போய்ப் பாட்டுப் பதிந்துவிட்டு வந்தார்கள். மறு வருஷம் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைத்தபோது, ஹௌலின் உல்ஃபையும் கூப்பிட்டால்தான் வருவோம் என்றார்கள். அவர் பாடினார். இவர்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள்.

இப்படி அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடுவதைக் ‘கவர்’ என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டுவதில்லை. நம் கச்சேரி மேடையில் யாரும் தியாகராஜர் கீர்த்தனையைக் கவர் செய்வதில்லை. பாடாந்தரம் என்று ஒன்று உண்டு. இந்தச் சங்கதி யார் வீட்டுத் திண்ணையில் கற்றது, யார் வாயிலிருந்து இவர் காதுக்கு வந்தது என்று கேட்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்டோன்ஸுக்கும் பாடாந்தரம் இருந்தது. குருவை நேரில் பார்க்காமல், தட்டின் மேல் ஊசியைத் திரும்பத் திரும்பத் தூக்கி வைத்துக் கற்ற பாடாந்தரம்.

அண்ணனும் அப்படித்தான் கற்கப் பார்த்தான். முதல் சம்பளத்தில் ஒரு மவுத் ஆர்கன் வாங்கினான். சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, கைக்குட்டையைப் பிரித்து அதை எடுப்பான். இரண்டு தட்டுத் தட்டி எச்சிலை உதறுவான். சினிமாப் பாட்டு வாசித்தால் கீழ்வீட்டிலிருந்து கைதட்டுவார்கள். அவனுக்கு அது போதவில்லை. தட்டில் வரும் அந்தச் சுரம் வேண்டும். நேராக நிற்காமல் ஒரு கரையிலிருந்து வழுக்கிக் கீழே இறங்கி, மறுபடி ஏறுமே, அது. வருஷக் கணக்கில் முயன்றான். கன்னம் ஒட்டிப்போகும் அளவுக்கு இழுப்பான். வராது. “மூச்சு பத்தலைடா எனக்கு” என்பான். பிறகு துடைத்துச் சுருட்டி வைத்துவிடுவான்.

அவன் போன பிறகு, இதையெல்லாம் அறிந்த ஒருவர் அந்த வாத்தியத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். ப்ளூஸ் வாசிப்பவர்கள் வைத்திருப்பது பத்து ஓட்டை உள்ள சின்ன வாத்தியம். காற்றை ஊதிக்கொண்டே வாசிப்பதில்லை, அதிகமும் உள்ளே இழுத்துத்தான் வாசிப்பார்கள். இழுக்கும்போது நாக்கின் பின்பக்கத்தையும் தொண்டையையும் மாற்றினால் ரீடு வளைந்து கொடுக்கும், சுரம் இறங்கும். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைத்தது இரண்டு வரிசை ஓட்டை உள்ள ட்ரெமலோ. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடு, ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசத்தில் சுருதி வைத்திருக்கும். அதனால்தான் அந்த நடுக்கம், அந்த இனிமை. அதில் சுரத்தை அப்படி வளைப்பது மகா கஷ்டம். அண்ணனின் மூச்சில் குறையே இருந்திருக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு அண்ணன் இல்லை.

லிட்டில் வால்டர் மவுத் ஆர்கனோடு மைக்கையும் சேர்த்து உள்ளங்கைகளில் பொத்தி, கித்தார் ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்தவர். அந்தச் சின்ன வாத்தியத்தைச் சாக்ஸஃபோனுக்குச் சமமாக முழங்க வைத்தவர். 1968இல் செத்துப்போனார், முப்பத்தேழு வயதில். ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ ஆல்பத்தில் நான்கு பாட்டுகள் அவர் பாடி வைத்தவை. தலைப்புப் பாட்டும் அவருடையதுதான்.

அந்த ஆல்பம் திட்டமிட்டு வந்ததில்லை. 2015 டிசம்பரில், லண்டனில் பிரிட்டிஷ் க்ரோவ் ஸ்டூடியோவில், புதுப் பாட்டுகள் பதியக் கூடியிருந்தார்கள். அறை பழகவில்லை, பாட்டு உட்காரவில்லை. காது பழகட்டும் என்று கீத் அந்தப் பழைய லிட்டில் வால்டர் பாட்டை எடுக்கச் சொன்னார். உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று, இன்னொன்று என்று மூன்று நாளில் பன்னிரண்டு பாட்டு. எல்லோரும் ஒரே அறையில், ஒருவர் சத்தம் அடுத்தவர் மைக்கில் விழ விழ வாசித்தது. பக்கத்து ஸ்டூடியோவில் தன் ஆல்பத்தை முடித்துக்கொண்டிருந்த எரிக் கிளாப்டன் இரண்டு பாட்டுக்குக் கித்தாரோடு உட்கார்ந்தார். மிக்குக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸுக்கு எழுபத்து நான்கு. அந்த நாற்பத்திரண்டு நிமிஷத்தில் சொந்தப் பாட்டு ஒன்றுகூட இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் தாங்களே எழுதிச் சம்பாதித்த பேரையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, குருவீட்டுக்குள் போயிருக்கிறார்கள். உள்ளே ஆசான்கள் அநேகமாக யாரும் இல்லை. உல்ஃபும் ஜிம்மி ரீடும் 1976இல் போயாயிற்று. வில்லி டிக்ஸன் 1992இல். கூடவே கற்ற பிரையன் ஜோன்ஸ் 1969இல். பியானோ வாசித்த இயன் ஸ்டூவர்ட் 1985இல். மிக் மவுத் ஆர்கனை இழுக்கும் இழுப்பில் இவ்வளவு பேரும் இருக்கிறார்கள்.

2003 ஏப்ரலில் ஸ்டோன்ஸ் பெங்களூருக்கு வந்தார்கள். ராத்திரி வண்டி ஏறினால் விடிகாலையில் போய்விடலாம். அண்ணன் போய் அப்போது இரண்டு வருஷம். எனக்குத் தனியாகப் போக மனசு வரவில்லை. 2021 ஆகஸ்டில் சார்லியும் போனார். 2023இல் வந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் மிக்கும் கீத்தும் மட்டும்தான், வேறு யாரும் கிடையாது. எடுத்துக்கொண்டது மடி வாட்டர்ஸின் அந்தப் பேர் சூட்டிய பாட்டை. டார்ட்ஃபர்ட் பிளாட்பாரத்தில் நின்ற அதே இரண்டு பேர்.

புயல் இரவில் கைப்பேசி பன்னிரண்டாவது பாட்டின் நடுவில் அணைந்தது. தடவித் தடவிப் போய் பீரோவின் கீழ்த்தட்டில் கைவிட்டேன். கைக்குட்டை இன்னும் சுற்றியே இருந்தது. பித்தளை வாசனையும் பழைய துணி வாசனையும். ஒரு ஓட்டையில் வாய் வைத்து மெல்ல உள்ளே இழுத்தேன். இரண்டு ரீடும் சேர்ந்து நடுங்கின. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்துப் பார்த்தேன். சுரம் நின்ற இடத்திலேயே நின்றது.

இருட்டில் மனைவி கேட்டாள். “பெரியத்தானோடதா அது?”

“ஆமா” என்றேன்.